மினுக்கியது பிழையல்ல

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லூரிக் கண்காட்சியில், தான் எழுதிய வீடியோ கேமை மேடையில் காட்டிய என் தங்கை மகனுக்கு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். கூட வந்திருந்த நண்பர்கள் சிலர் "விட்டுவிடுங்கள், சின்ன விஷயம்" என்றார்கள். மூன்று நாள் விட்டுப் பார்த்தேன். முடியவில்லை.

நடுவர் சொன்னது மூன்றே வாக்கியங்கள். "பழைய மரியோவைக் காப்பியடித்திருக்கிறாய். படம் மினுக்குகிறது, அதைக்கூடச் சரிசெய்யாமல் கொண்டுவந்திருக்கிறாய். இந்தக் காலத்தில் இது யாருக்குப் பயன்?" ஒன்றரை ஆண்டு உழைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற பத்தொன்பது வயதுப் பையன் "சரி சார்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தான். அந்தச் "சரி சார்"தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

அது காப்பி அல்ல. பழைய இயந்திரத்துக்காகப் புதிதாக எழுதப்பட்ட ஆட்டம். மரியோவைச் செய்த நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்றும், 1985 முதல் அமெரிக்காவில் என்.இ.எஸ். என்றும் விற்ற இயந்திரத்தில் ஓடுவது என்பதைத் தவிர, மரியோவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது பனையேறியின் கதை. பையனுடைய அப்பாவழித் தாத்தா உடன்குடிப் பக்கத்தில் பனையேறியவர். கருக்குமட்டை கையைக் கிழிக்காமல், கடந்தை என்ற பெரிய குளவியின் கூட்டைக் கலைக்காமல் உச்சிக்குப் போய், பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்க வேண்டும். காலையில் ஏறிய அதே மரத்தில் மாலையிலும் ஏற வேண்டும், ஏனென்றால் தாத்தா அப்படித்தான் ஏறினார். மாலை நேரத்துக்கென்று வேறு படம் வரைய இடமில்லாததால், அதே மரத்துக்கு நிறங்களை மட்டும் மாற்றினான். வானம் செம்மையாகி, ஓலைகள் கருத்து, அது வேறொரு மரமாகவே தெரிகிறது. 1985இல் வந்த மரியோவில் மேகமும் புதரும் ஒரே படம்தான், நிறம்தான் வேறு. அந்த உத்தியை அவன் அங்கிருந்துதான் கற்றான், அதை மறைக்கவும் இல்லை. ஈற்றடி முச்சீரில் முடிய வேண்டும் என்ற கட்டுக்குள் நின்று ஒருவர் வெண்பா எழுதினால், அவர் முன்னோரைக் காப்பியடித்தார் என்று நாம் சொல்வதுண்டா?

இனி அந்த மினுக்கலுக்கு வருகிறேன், ஏனென்றால் என்னை அதிகம் சுட்டது அதுதான். அந்த இயந்திரத்தில் நகரும் உருவங்கள் எல்லாம் 8க்கு 8 புள்ளிச் சிறு துண்டுகளால் ஆனவை. திரை முழுவதற்கும் 64 துண்டுகள். ஒரே கிடைக்கோட்டில் 8 துண்டுகளுக்கு மேல் அதனால் காட்ட முடியாது. பனையேறி இரண்டு துண்டு அகலம், ஒவ்வொரு கடந்தையும் இரண்டு துண்டு அகலம். ஏறுபவரும் மூன்று கடந்தைகளும் ஒரே வரிசைக்கு வந்தால் எட்டும் நிரம்பிவிடும். நான்காவது கடந்தை வந்தால் அது திரையில் தெரியாது, ஆனால் கொட்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று வந்து கொட்டினால் விளையாடுகிறவருக்கு அது அநியாயம் என்று நினைத்து, ஒவ்வொரு முறை திரை வரையப்படும்போதும் துண்டுகளின் வரிசையை அவன் மாற்றி மாற்றி வைத்தான். ஒரு கணம் ஒன்று மறையும், அடுத்த கணம் இன்னொன்று மறையும். எல்லாமே மினுக்கும், ஆனால் எதுவும் காணாமல் போகாது. அந்தக் காலத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியவர்களும் இதைத்தான் செய்தார்கள். பிழை என்று மேடையில் சொல்லப்பட்ட இடம்தான் அந்த ஆட்டத்திலேயே அவன் அதிகம் யோசித்து எழுதிய இடம். "ஏன் மினுக்குகிறது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், சொல்லியிருப்பான். கேட்கவில்லை.

ஆட்டம் மொத்தமே 40 கிலோபைட். அதில் 32 நிரலுக்கு, 8 படங்களுக்கு. இயந்திரம் வேலை செய்துகொள்ள இருக்கும் நினைவகம் 2 கிலோபைட். சென்னை ரிச்சி தெருவில் அலைந்து இரண்டு பழைய ஈப்ராம் சில்லுகளை, அதாவது அழித்து மறுபடி எழுதக்கூடிய நினைவகச் சில்லுகளை, அவன் வாங்கிவந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நடுவில் சின்னக் கண்ணாடிச் சன்னல் வைத்தவை. அந்தச் சன்னல் வழியாகப் புற ஊதா ஒளி காட்டினால்தான் பழையது அழியும். அழித்து, எழுதி, ஒரு பழைய கேசட்டின் பலகையில் காலுக்குக் கால் வயர் இழுத்துப் பற்றவைத்து, என் பரணில் கிடந்த டிவி கேம் டப்பாவில் செருகினான். ஓடியது, ஆனால் பாட்டு இழுத்தது. கணினியில் நொடிக்கு 60 முறை திரை வரையப்படும் கணக்கில் அவன் எழுதியிருந்தான். நம் ஊர் டப்பா நொடிக்கு 50 முறைதான் வரையும். "மாமா, உங்க டப்பாவுலயும் ஒழுங்கா பாடணும்" என்று சொல்லிவிட்டு, எந்த வகை இயந்திரத்தில் ஓடுகிறோம் என்பதை ஆட்டமே கண்டுபிடித்துக்கொள்ளவும், 50 என்றால் ஐந்து முறைக்கு ஒரு முறை பாட்டு மட்டும் கூடுதலாக ஒரு அடி நகரவும் இன்னும் இரண்டு வாரம் உட்கார்ந்தான். என் ஒருவனுடைய பழைய டப்பாவுக்காக.

அந்த டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்த டிவி கேம்களில் பெரும்பாலானவை நிண்டெண்டோ செய்தவை அல்ல, ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். கேசட்டின் அட்டையில் 9999 ஆட்டங்கள் என்று போட்டிருக்கும், உள்ளே ஏழெட்டு ஆட்டங்களே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். ஊதி ஊதிச் செருகி, கான்ட்ராவும் டக் ஹண்டும் ஆடி வளர்ந்தோம். நகல் இயந்திரத்தில் நகல் கேசட் போட்டு வளர்ந்த தலைமுறை நாம். அதே வகை டப்பாவில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சொந்தமாக எழுதிய ஆட்டத்தை ஒருவன் செருகும்போது, அவனைப் பார்த்துக் "காப்பி" என்று சொல்ல நமக்கு எப்படி மனம் வருகிறது?

சட்டம் பேசுகிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. அடுத்தவர் இயந்திரத்துக்கு அவர் அனுமதியில்லாமல் ஆட்டம் எழுதலாமா என்பது பழைய கேள்வி. அட்டாரி என்ற ஆட்ட நிறுவனத்திலிருந்து வெளியேறியவர்கள் 1979இல் ஆக்டிவிஷனைத் தொடங்கி, அட்டாரியின் 2600 இயந்திரத்துக்கே ஆட்டம் எழுதியபோது அட்டாரி அவர்கள்மீது வழக்குப் போட்டது. 1982இல் அது சமரசத்தில் முடிந்தது. சேகா என்ற இன்னொரு நிறுவனத்தின் இயந்திரத்தில் தங்கள் ஆட்டங்களை ஓடவைப்பதற்காக அக்கோலேட் நிறுவனம் சேகாவின் கேசட்டுகளைப் பிரித்துப் படித்தது நியாயமான பயன்பாடுதான் என்று 1992இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பிறருடைய பாத்திரங்களை எடுத்து ஆடினால் அது வேறு. கமடோர் 64 என்ற பழைய கணினிக்காக ஒரு ரசிகர் ஏழு ஆண்டு உழைத்து எழுதிய மரியோ 2019இல் வெளிவந்த சில நாட்களிலேயே நிண்டெண்டோவின் புகாரால் நீக்கப்பட்டது. பனையேறியின்மீது யாருக்கும் பதிப்புரிமை இல்லை.

ஆட்டம் செய்வதற்கென்றே இருக்கும் யூனிட்டி என்ற மென்பொருளில் இரண்டே நாளில் செய்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். செய்யலாம். அது அந்த டப்பாவில் ஓடாது.

யாருக்குப் பயன் என்ற கேள்விக்கு மட்டும் என்னால் பொறுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. மைக்ரோசாஃப்டில் ஆட்டப் பிரிவுக்குத் தலைவராக இருந்து விலகிய எட் ஃப்ரைஸ், 2010இல் மைக்ரோசாஃப்டின் ஹேலோ ஆட்டத்தை 1977இன் அட்டாரி 2600க்காகத் திரும்ப எழுதினார். அளவு 4 கிலோபைட், இயந்திரத்தின் நினைவகம் 128 பைட். 2013இல் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஜெர்மனியின் மார்ஃப்கேட் கேம்ஸ் 2019இல் வெளியிட்ட மைக்ரோ மேஜஸ் இதே என்.இ.எஸ்.க்கு, இதே 40 கிலோபைட்டில், நான்கு பேர் சேர்ந்து ஆடும்படி எழுதப்பட்டது. அவர்களிடம் பயன் கேட்டுத் திருப்பியனுப்ப அங்கே ஒருவரும் இல்லாமல் போனது அவர்களுடைய நல்ல காலம்.

நான் ஏழாம் வகுப்பில் கட்டம் போட்ட கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் ஆட்டங்களின் படங்களை வரைந்துவைத்திருந்தேன். ஒரு கட்டம் ஒரு செங்கல். எங்கே குழி, எங்கே ஏணி, எங்கே எதிரி என்று பதினான்கு பக்கங்கள். ஆசிரியர் ஒருவர் அதை வகுப்பில் உயர்த்திப் பிடித்து, "இது என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டு, பதினான்கு பக்கங்களையும் ஒன்றாகக் கிழித்தார். நானும் "சரி சார்" என்றுதான் சொன்னேன். அதற்குப் பிறகு நான் எதையும் வரையவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதே குரலை, அதே கேள்வியை முப்பது ஆண்டு கழித்து மறுபடியும் கேட்டேன். உறவுக்காரன் என்பதால் பொங்குகிறேன் என்று யாராவது சொன்னால், ஆமாம், உறவுக்காரன்தான். அவன் இரவு இரண்டு மணிக்கு ஒரு பைட் மிச்சம் பிடித்துவிட்டுச் சிரித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவனும் நான்தான்.

ஞாயிறு இரவு கேசட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான், இன்னும் திரும்ப வாங்கவில்லை. நேற்று இரவு எல்லாரும் தூங்கிய பிறகு செருகினேன். ஏழாவது மரம், மாலை ஏற்றம். பாளைக்குக் கை எட்டும் உயரத்தில் மூன்று கடந்தைகள் நின்றன, இடப்பக்கத்திலிருந்து நான்காவது வந்தது. எல்லாம் மினுக்கின. நான்கும் தெரிந்தன, கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன், கொட்டவில்லை.