அடியைத் திருப்பிப் பாருங்கள்

கையால் செய்த பீங்கான் சாடி ஒன்று வைத்தாலே வரவேற்பறையின் களை மாறிவிடும் என்று உங்கள் வீட்டு அலங்காரக் கட்டுரையில் சொல்லியிருப்பது சரிதான். ஆனால் எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்லவில்லையே! ஸ்டோன்வேர் என்பது அதிகச் சூட்டில் சுட்ட கெட்டியான மண்பாண்டம். புதுச்சேரி ஸ்டோன்வேருக்குப் பேர் வந்ததே 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற மண்பாண்டக் கலைஞர்கள் அங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையால்தான். ஸ்டோன்வேரை ஏறக்குறைய 1,300 டிகிரியில் சுடுவார்கள். மண் இறுகிவிடும், தண்ணீர் கசியாது. குறைந்த சூட்டில் வெந்த டெரகோட்டா அப்படியில்லை. ஒரு கண்காட்சியில் ஆசைப்பட்டு வாங்கிய பூச்சாடி கசிந்து எங்கள் தேக்கு மேசையில் வெள்ளை வட்டம் போட்டுவிட்டது, இன்னும் போகவில்லை. அப்புறம் எதை எடுத்தாலும் முதலில் அடியைத்தான் திருப்பிப் பார்க்கிறேன். கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரியான மேற்பூச்சு, படாத அடி வளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவேன். உறிஞ்சினால் காய்ந்த பூவுக்குத்தான் ஆகும். கடைக்காரர் கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை.