கொடிக்கம்பம் எத்தனை அடி என்பதை விடுங்கள், யார் ஏற்றினார்கள் என்று கேளுங்கள்

அட்டாரி எல்லையில் நிற்கிற தேசியக் கொடிக்கம்பம் 418 அடி உயரம். சரி, ஏன் 418? 400 என்று முழுசாக வைத்திருக்கலாமே? காரணம் ரொம்ப எளிது. எதிர்ப்பக்கம் வாகாவில் பாகிஸ்தானின் கம்பம் 400 அடி.

கதை 2017 மார்ச்சில் ஆரம்பிக்கிறது. நம் பக்கம் முதலில் 360 அடியில் ஒன்று நட்டார்கள். 55 டன் எடை, மூன்றரைக் கோடி ரூபாய் செலவு, மேலே 120 அடிக்கு 80 அடியில் ஒரு கொடி. பாகிஸ்தான் ஆட்சேபம் சொன்னது, மேலே கேமரா வைத்து வேவு பார்க்கத்தான் இது என்றுகூடப் பேச்சு கிளம்பியது. ஆட்சேபம் சொன்னவர்களே அதே ஆண்டு ஆகஸ்டில், தங்கள் சுதந்திர நாளை ஒட்டி, 400 அடியில் ஒன்றை நிறுத்தினார்கள். நாம் சும்மா இருப்போமா, 2023 அக்டோபரில் 418. பக்கத்து வீட்டுக்காரன் ஒரு மாடி எழுப்பினான் என்று நாமும் கடன் வாங்கி ஒரு மாடி எழுப்புகிற மாதிரி. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

பெரிய கொடியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. டெல்லி கனாட் பிளேஸ் நடுப் பூங்காவில் 2014-இல் வைத்த 207 அடிக் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தால் மனசுக்குள் ஏதோ செய்யத்தான் செய்யும். என் சண்டை அடிக்கணக்கோடுதான். கம்பம் இரும்பு, நட்டால் நிற்கும். துணி நிற்காது. இதை ஏனோ திறப்பு விழா மேடையில் யாரும் பேசுவதில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கொடி மேல் விழும் விசை நான்கு மடங்காகிறது. உயரம் போகப் போகக் காற்றும் கூடும். கம்பத்தோடு கட்டிய பக்கம் பிழைத்துக்கொள்ளும், எதிர்ப்பக்க விளிம்புதான் சாட்டை மாதிரி அடித்து அடித்துத் தையல் விட்டுப் பிரியும், முதலில் நூல், அப்புறம் ஒரு விரற்கடைக் கிழிசல், ஒரு பலத்த காற்றில் அது மூலைவரை ஓடிவிடும். நம் கொடிச் சட்டத் தொகுப்பில் பட்டியலிட்டிருக்கிற ஒன்பது அளவுகளில் மிகப் பெரியதே 6300 மில்லிமீட்டருக்கு 4200, அதாவது 21 அடிக்கு 14 அடி. அட்டாரியில் முதலில் ஏற்றியது பரப்பில் அதைப்போல முப்பது மடங்குக்கும் மேல். என்ன ஆகும்? ஏற்றிய சில வாரங்களிலேயே திரும்பத் திரும்பக் கிழிந்தது, மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ராஞ்சி பஹாடி மந்திர் குன்றின் மேல் 2016 ஜனவரி 23-இல், நேதாஜி பிறந்த நாளில், 293 அடிக் கம்பத்தில் ஏற்றினார்கள், அங்கேயும் இதே கூத்து. கடைசியில் கொடி இல்லாத கம்பம்தான் செய்தியானது.

கிழிந்த கொடியைப் பறக்க விடக் கூடாது என்பது விதி. கிழிந்ததைத் தூக்கி எறியவும் முடியாது, தனியிடத்தில், முழுசாக, மரியாதையோடு, முடிந்தால் எரித்து அழிக்க வேண்டும். வேகமாக ஏற்று, மெதுவாக இறக்கு என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். அரைக்கம்பத்தில் பறக்க விடுவதானாலும் முதலில் உச்சிவரை ஏற்றிவிட்டுத்தான் பாதிக்கு இறக்க வேண்டும். துணிக்கு இவ்வளவு மரியாதை பார்க்கிற நாடு, இரும்புக்கு அடி அளந்துகொண்டிருக்கிறது.

உண்மையில் இந்த நாட்டில் கொடிக்கம்பத்துக்காக நடந்த சண்டைகளுக்கும் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை. பிரிட்டிஷ் பிரதிநிதி குடியிருந்த லக்னோ ரெசிடென்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1857 முற்றுகையின் நினைவாக அந்த இடிபாடுகள் மேல் பிரிட்டிஷ் கொடி ராப்பகலாகப் பறந்துகொண்டிருந்தது. மற்ற இடங்களில் சூரியன் மறைந்தால் இறக்கிவிடுவார்கள், இங்கே மட்டும் இறக்குவதே இல்லை. 1947 ஆகஸ்ட் 13 இரவு, சத்தமில்லாமல் அதை இறக்கினார்கள். அதோடு விட்டார்களா? கம்பத்தையே அறுத்து எடுத்து, அது நின்ற குழியை சிமென்ட் போட்டு மூடிவிட்டார்கள், வேறு எந்தக் கொடியும் அங்கே ஏறக் கூடாதாம். நாட்டையே விட்டுப் போகிறவன் ஒரு குழியைப் பூசி மெழுகிவிட்டுப் போகிறான் என்றால் அந்தக் குழி அவனுக்கு என்னவாக இருந்திருக்கும்!

நம்ம சென்னைக் கோட்டைக்கு வருவோம். புனித ஜார்ஜ் கோட்டைக் கொடிமரம் 1680களின் கடைசியில், எலிஹு யேல் கவர்னராக இருந்த காலத்தில் எழுந்தது (ஆமாம், அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஆள், ஊழல் புகாரில் பதவி இழந்த அதே ஆளும்கூட). கரையில் சிதைந்த ஒரு கப்பலின் பாய்மரம் என்று சொல்வார்கள். தேக்கு மரம், ஏறக்குறைய 150 அடி. 1994-இல்தான் அதை எடுத்துவிட்டு எஃகுக் கம்பம் வைத்தார்கள். இன்றைய கணக்கில் 150 அடி எந்தப் பட்டியலிலும் வராது.

ஆனால் அந்த மரத்தில் 1932 ஜனவரி 26 விடிவதற்கு முன்னால் ஒரு மனிதர் ஏறினார். ஆர்யா என்கிற பாஷ்யம். ஜனவரி 26 என்பது 1930 முதல் காங்கிரஸ் சுதந்திர நாளாகக் கொண்டாடி வந்த தேதி. சுற்றிலும் பட்டாளம், கீழே காவல், இருட்டு, கடல் காற்று. அதில் ஒற்றை ஆளாக ஏறிப் பிரிட்டிஷ் கொடி பறக்கிற இடத்தில் மூவண்ணத்தைக் கட்டிவிட்டு இறங்கியிருக்கிறார். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரியாமலா ஏறியிருப்பார்? முண்டாசும் முறுக்கு மீசையுமாக நம் எல்லார் மனசிலும் பதிந்திருக்கும் பாரதியார் படத்தை வரைந்தவரும் இவர்தான். படத்தைத் தெரிந்த அளவுக்கு ஆளைத் தெரியாது நமக்கு.

பதினைந்து வருஷம் கழித்து, 1947 ஆகஸ்ட் 15 அதிகாலை ஐந்து மணி சுமாருக்கு அதே கோட்டையில் கொடி ஏறியது, இந்த முறை சட்டப்படி. அந்தப் பட்டுக்கொடியைக் கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள், இன்றும் போய்ப் பார்க்கலாம். 12 அடிக்கு 8 அடி. அட்டாரியின் முதல் கொடி பரப்பில் சரியாக இதைப்போல நூறு மடங்கு. சின்னது இத்தனை வருஷம் தாண்டி நிற்கிறது, பெரியது ஒரு மாதம் தாங்கவில்லை. (பேழைக்குள் இருப்பதையும் வெயிலில் பறப்பதையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்பீர்கள். நியாயமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

மூன்றாவது சண்டை 1974. அதுவரை சுதந்திர நாளன்றும் மாநிலங்களில் ஆளுநர்தான் கொடி ஏற்றுவார். டெல்லியில் பிரதமர் ஏற்றும்போது மாநிலத்தில் மட்டும் மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வர் ஏன் கீழே நின்று பார்க்க வேண்டும் என்று கலைஞர் இந்திராவிடம் கேட்டார். மத்திய அரசு ஒப்புக்கொண்டது. அந்த ஆகஸ்ட் 15-இல் கோட்டையில் கருணாநிதி ஏற்றினார். அவரைப் பிடிக்கிறதோ இல்லையோ, இன்று எல்லா மாநில முதல்வர்களும் அந்தக் கயிற்றைப் பிடிப்பது அதனால்தான்.

சாதாரண ஆளுக்கு உரிமை கிடைத்ததோ இன்னும் தாமதம். குறிப்பிட்ட சில நாட்கள் தவிர மற்ற நாட்களில் நீங்களும் நானும் கொடி ஏற்ற முடியாது என்கிற நிலைமை 2002 வரை இருந்தது. தொழிலதிபர் நவீன் ஜிண்டால் தன் ஆலையில் ஏற்றியதற்குத் தடை வந்து, வழக்காகி, 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கருத்துரிமையின் பகுதி என்று சொன்னது. அருமையான தீர்ப்பு. வேடிக்கை என்னவென்றால், 207 அடிக் கம்பங்கள் பரவுவதில் முன்னணியில் நின்றதும் அவரும் அவருடைய அறக்கட்டளையும்தான். அப்புறம் 2016-இல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 207 அடி என்றார்கள், 2018-இல் பெரிய ரயில் நிலையங்களுக்கு 100 அடி என்றார்கள். தனி மனிதன் விரும்பி ஏற்றலாம் என்று வந்த உரிமை, எல்லாரும் இத்தனை அடியில் ஏற்ற வேண்டும் என்கிற சுற்றறிக்கையாக மாறிவிட்டது.

ராட்சதக் கம்பங்களில் இரவிலும் கொடி பறக்கலாம் என்று 2009-இல் உள்துறை அனுமதி கொடுத்தபோதே மின்வெட்டிலும் அணையாத விளக்கு வேண்டும், சேதமானால் உடனே மாற்ற வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அதையாவது பிடித்துக்கொள்ளலாம். கம்பம் வைக்கிற ஒவ்வொரு அலுவலகமும் வருஷத்துக்கு எத்தனை கொடி வாங்கப் போகிறது, யார் இறக்குவார்கள், காசு எந்தத் தலைப்பில் என்று முதல் நாளே கோப்பில் எழுதட்டும். மாற்றுக் கொடி வரும்வரை நாலு நாள் கம்பம் வெறுமையாக நின்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கிழிசலை அப்படியே விட்டுவைத்தால்தான் விதிப்படியே தப்பு.