365 நாளா, 364 நாளா?

அமெரிக்காவில் குடியேற்றம் என்று பேச்செடுத்தாலே, குடியேறியவர்களால் குற்றம் கூடுகிறதா குறைகிறதா என்றுதான் மல்லுக்கட்டுகிறார்கள். என் கவலை வேறு. குடியேற்றச் சட்டம் கிரிமினல் கோர்ட்டுக்குள் புகுந்து, தண்டனை என்பதையே நீதிபதியின் கையிலிருந்து பிடுங்கிவிட்டது.

1996-ல் ஒரு சட்டம் வந்தது. திருட்டு வழக்கில் ஓராண்டுத் தண்டனை விழுந்தாலே அது நாடுகடத்தத்தக்க பெருங்குற்றம். அதுவரை ஐந்தாண்டாக இருந்தது. நீதிபதி இரக்கப்பட்டுத் தண்டனையை நிறுத்திவைத்து, ஆள் ஒரு ராத்திரிகூட ஜெயிலில் படுக்காமல் வீட்டுக்குப் போனாலும் கணக்கு ஓராண்டுதான். கிரீன் கார்டு காலி! அதனால்தான் வக்கீல்கள் 365-ஐ 364 ஆக்கித் தரச் சொல்லி அரசுத் தரப்பிடம் மன்றாடுகிறார்கள். கலிஃபோர்னியா 2015-லும் நியூயார்க் 2019-லும் சிறு குற்றங்களுக்கான உச்சத் தண்டனையையே 364 நாளாக்கிவிட்டன. அந்த ஒரு நாள் குடிமகனுக்குப் பொருட்டே இல்லை. பக்கத்தில் நிற்கும் கிரீன் கார்டுக்காரருக்கு அதுதான் வாழ்க்கை.

ஹோசே பதில்லா வழக்கைப் பாருங்கள். ஹோண்டுராஸில் பிறந்தவர், நாற்பது வருஷத்துக்கு மேல் சட்டப்படி அமெரிக்காவில் வாழ்ந்தவர், வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். லாரியில் கஞ்சா பிடிபட்டது. இத்தனை வருஷம் இருந்துவிட்டீர்கள், இமிக்ரேஷன் பற்றிக் கவலை வேண்டாம் என்று வக்கீல் சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலே அவரை நாடுகடத்தப் போதுமானதாக இருந்தது. இப்படி வரும் ஆபத்தை வக்கீல் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்கு முன்பே முடிந்துபோன வழக்குகளுக்கு அது பொருந்தாது என்று 2013-ல் அதே கோர்ட் கதவைச் சாத்தியது. நாடுகடத்தல் தண்டனை அல்ல, சிவில் நடவடிக்கை என்பது சட்டத்தின் வாதம். அதனால் திருட்டு வழக்கில் கிடைக்கிற இலவச வக்கீல், நாட்டைவிட்டே துரத்தும் வழக்கில் கிடைக்கமாட்டார். இதைவிடப் பெரிய தண்டனை எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

எல்லைப்புறக் கூத்து தனி. அரிசோனா மாநிலத்தின் டூசான் கோர்ட்டில் ஐம்பது பேர்வரை விலங்கோடு, மொழிபெயர்ப்புக்குக் காதில் ஹெட்போனோடு கூட்டமாக நிறுத்தி, சட்டவிரோதமாக எல்லை தாண்டிய குற்றத்தைக் கோரஸாக ஒப்புக்கொள்ள வைத்தார்கள். இது விதிமீறல் என்று 2009-ல் அப்பீல் கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது.

"தப்பா வந்தவனை எங்கே பிடிச்சா என்ன?" என்று கேட்பவர்களுக்கு 2017-ல் டெக்சாஸின் எல் பாசோ நகரில் நடந்த சம்பவம். தன்னைக் கொடுமைப்படுத்திய துணையிடமிருந்து பாதுகாப்பு உத்தரவு வாங்க வந்தவரைக் கோர்ட் கட்டடத்திலேயே குடியேற்ற அதிகாரிகள் கைது செய்தார்கள். அடுத்து அடிவாங்குகிறவர் புகார் கொடுக்க வருவாரா? சாட்சி வராவிட்டால் கேஸ் நிற்காது, அடித்தவன் ஜாலியாக வெளியே போவான். அந்த ஆண்டே கலிஃபோர்னியா தலைமை நீதிபதி, கோர்ட்டுகளைக் கண்ணியாக்காதீர்கள் என்ற பொருளில் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். நியூயார்க் 2020-ல் சட்டமே போட்டது: கோர்ட்டுக்கு வந்து போகிறவரைக் குடியேற்ற விவகாரத்தில் பிடிக்க, நீதிபதி கையெழுத்திட்ட வாரன்ட் வேண்டும். எல்லா மாநிலத்திலும் இதைக் கொண்டுவரட்டும், முதலில்.