கொப்புளம் கிளம்பும் இறக்கை

பறக்கும் மாடல் விமானத்துக்கு, எடை குறைந்த பால்சா மரத்தில் இறக்கை செய்வதெல்லாம் ஒரு வேலையே இல்லை. அதன்மேல், சூடு காட்டினால் ஒட்டிச் சுருங்கும் அந்தக் கலர் ஃபிலிமை ஒட்டிப் பாருங்கள், அப்போது தெரியும். முதலில் பின்தாளை உரிக்க வேண்டும். உரியுமா? இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி இழுத்தால்தான் மனசு வைக்கும். உரிந்த மறுநொடி, ஊரில் உள்ள பால்சாத் தூள் முழுக்க அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சரி, அயர்ன் வைத்தாயிற்று. சூடு குறைந்தால் ஒட்டாது, கூடினால் ஓட்டை. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் கொஞ்சம் அதிகம் காட்டினால் ஃபிலிம் சுருங்கி இறக்கையையே முறுக்கிவிடும். இறக்கை நுனி வளைவு இருக்கிறதே, அதை வரைந்தவரை நிற்கவைத்துக் கேட்க வேண்டும்.

அப்புறம் அலங்காரக் கோடுகள். ஃபிலிம்மேல் ஃபிலிம் ஒட்டினால் நடுவில் காற்று மாட்டி அப்பளம் மாதிரி கொப்புளம். ஊசியால் குத்தித் தேய்த்தால், பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். மேலே ஒரு டிசைன், கீழே வேறு டிசைன் வேண்டுமாம், விமானம் தலைகீழாகப் பறக்கிறதா என்று தெரிய. நியாயம்தான். வேலை இரட்டிப்பாகிறதே, அதற்கு யார் வருவார்?

எல்லாம் முடித்துப் பளபளவென்று மைதானத்துக்குக் கொண்டுபோனால், கொஞ்ச நேர வெயிலிலேயே கருநீல ஃபிலிம் முழுக்கத் தொளதொள. அதைப் பார்த்து ஒருவர் கேட்கிறார்: “ஸ்டிக்கரா சார்?”