டிக்கியைத் திறந்துவிட்டுப் பேசுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஜீப் (எஸ்யூவியைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) வாங்கப் போனால் எல்லாவற்றையும் காட்டுகிறார்கள். தொடுதிரை, ரிவேர்ஸ் கமெரா, சாவி போடாமலே ஸ்ரார்ட் பண்ணுகிற பொத்தான், கூரையில் கண்ணாடி என்று ஒன்றும் குறைவில்லை. டிக்கியை மட்டும் ஒரு தடவை தூக்கி, "நல்ல இடம் இருக்கு" என்று சொல்லி, நான் குனிந்து பார்ப்பதற்குள் சாத்திவிடுகிறார்கள். எனக்கு வேண்டியதே அந்த டிக்கிதான். நான் கொடுக்கப் போகிற காசில் பெரும் பகுதி அதற்காகத்தான்.

எங்கள் வீட்டுத் தேவை என்ன என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. மாதாமாதம் போதனா வைத்தியசாலை கிளினிக். அங்கே நாற்காலி கிடைக்கும், கிடைக்காமலும் போகும், அதை நம்பி அம்மாவை வாசலில் இறக்கிவிட்டு நிற்க முடியாது. எங்களுடையதைக் கொண்டுபோகத்தான் வேண்டும். அடுத்தது, கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற எங்கள் ஆட்கள். அவர்கள் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கினால் 350 கிலோமீற்றருக்கு மேல் ஓடிப்போய்க் கூட்டி வருவது என் பொறுப்பு. அதைவிட, வீட்டில் கறுத்தக்கொழும்பான் காய்க்கிற காலத்தில் பெட்டி பெட்டியாக உறவுகளுக்கு அனுப்ப வேண்டும். கல்யாண வீடு, அந்தியேட்டி என்றால் வாழைக்குலை, கிடாரம், கதிரைகள். இதெல்லாம் யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டில் இல்லை? நான் ஏதோ புதுமையாகக் கேட்கவில்லை.

ஆனால் அளவுநாடாவை வெளியே எடுத்தால் போதும், வாகனச் சேலில் நிற்கிறவர்களின் முகம் மாறிவிடுகிறது. "லீற்றர் கணக்குப் போட்டிருக்குத்தானே அக்கா, பிறகு என்னத்துக்கு அளக்கிறியள்?" என்கிறார் ஒருவர். இன்னொரு இடத்தில், "அண்ணை வரேல்லையோ?" அண்ணை வந்தால் எஞ்சினைப் பற்றிப் பேசலாம், என்னோடு நிறத்தைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணம். அம்மாவின் நாற்காலியை மடித்துத் தூக்கி ஏற்றி இறக்குகிறவள் நான். அதன் பாரமும் அளவும் என் முழங்கைக்குத் தெரியும். அண்ணைக்கு என்ன தெரியும்?

எல்லாவற்றிலும் மோசமான பதில் இதுதான்: "பெரிய சாமான் எண்டால் ஒரு பட்டா பிடியுங்கோ அக்கா, ஜீப்புக்குள்ள ஏன் ஏத்திறியள்?" பட்டா என்பது வாடகைக்கு ஓடுகிற சின்ன லொறி. அலுமாரி கொண்டுபோவதென்றால் நானும் பட்டாதான் பிடிப்பேன். அம்மாவை முன்சீற்றில் இருத்திவிட்டு, அம்மாவின் நாற்காலியைப் பின்னால் பட்டாவில் அனுப்பவா சொல்கிறீர்கள்? ஒரு கோடியை எட்டியும் தாண்டியும் நிற்கிற விலைக்கு ஒரு வாகனத்தை வாங்கிவிட்டு, அதன் பின்னால் வாடகைக்கு இன்னொரு வாகனம் ஓட வேண்டுமா?

சரி, அந்த லீற்றர் கணக்குக்கு வருவோம். அதைத்தான் எல்லோரும் வேதவாக்குப் போலச் சொல்கிறார்கள். லீற்றர் என்றதும் டிக்கிக்குள் தண்ணீர் விட்டு அளந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான கம்பனிகள் பாவிக்கிற முறையில், 20 சென்ரிமீற்றர் நீளம், 10 அகலம், 5 உயரம் கொண்ட கட்டைகளை டிக்கிக்குள் அடுக்குகிறார்கள். ஒரு கட்டை ஒரு லீற்றர். எத்தனை கட்டை கொள்கிறதோ அத்தனை லீற்றர். சில்லுக்கு மேலே இருக்கிற மூலை, பக்கத்துக் குழி, தரைப் பலகைக்குக் கீழே இருக்கிற பள்ளம் எல்லாவற்றிலும் கட்டை போகும். சூட்கேஸ் போகுமா? சக்கர நாற்காலி போகுமா?

இங்கே இப்போது அதிகம் விசாரிக்கப்படுகிற ரொயோட்டா றைஸை எடுங்கள். அதோடு கூடப்பிறந்த டைஹற்சு றொக்கியும் அதேதான். டிக்கி 369 லீற்றர் என்று போட்டிருக்கும். முன்சில்லு மட்டும் இழுக்கிற வகையில் அந்த 369இல் 80 லீற்றர் தரைப் பலகைக்குக் கீழே இருக்கிறது. அதைக் கழித்துவிட்டால் மேலே மிச்சம் 289. பிளேனில் ஏற்ற விடுகிற பெரிய சூட்கேஸ், 75க்கு 50க்கு 30 சென்ரிமீற்றர் என்று வைத்தால், ஒன்று ஏறக்குறைய 112 லீற்றர். கணக்குப்படி இரண்டு போகும், மூன்றாவது போகாது. கனடாவில் இருந்து இருவர் வந்தால் ஆளுக்கு இரண்டு பெட்டி, மொத்தம் நாலு. மிச்ச இரண்டையும் பின்சீற்றில் வைத்தால் வந்தவர்களை எங்கே இருத்துவது? வாகனத்தில் பிழை இல்லை, அது சின்ன வாகனம், தன் அளவுக்குள் கெட்டித்தனமாகச் செய்யப்பட்டது. பிழை, "அஞ்சு பேரும் சாமானும் வடிவாப் போகலாம்" என்று வாய் கூசாமல் சொல்லி விற்கிறவர்களில்.

லீற்றர் மறைக்கிற பெரிய விஷயம் வாசல். உள்ளே எவ்வளவு இடம் இருந்தாலும் சாமான் போக வேண்டியது பின்கதவு திறக்கிற இடைவெளியால்தான். அந்த இடைவெளியின் அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, தரையில் இருந்து எவ்வளவு உயரத்துக்கு சாமானைத் தூக்க வேண்டும் என்று ஒரு விளம்பரத்திலும் இல்லை. இப்போதைய ஜீப்புகளுக்குப் பின்பக்கத்தைச் சரித்து, கார்ப் பந்தயத்துக்குப் போகிற மாதிரி வெட்டிவிடுகிறார்கள். ரொயோட்டா சி-எச்.ஆர் வெளியே நின்று பார்த்தால் என்ன வடிவு! ஜப்பான் கணக்கில் அதன் டிக்கி 318 லீற்றர். றைஸை விட நீளமான வாகனம், றைஸை விடச் சின்ன டிக்கி. இதை விற்பவர் யாராவது உங்களுக்குச் சொன்னாரா?

அப்படிச் சரிந்த கண்ணாடி வைத்த ஒரு ஜீப்பில் அம்மாவின் நாற்காலியை வைத்துப் பார்த்தேன். எந்த ஜீப் என்பது வேண்டாம். மடித்தால் 30 சென்ரிமீற்றர் தடிப்பு, கைபிடியோடு 90 உயரம், கால்மிதிகளைக் கழற்றிவிட்டேன். நிமிர்த்தி வைத்தேன். அடியில் தாராளமாக இருந்தது, மேலே கைபிடி இரண்டும் கண்ணாடியில் இடித்தன. படுக்க வைத்தேன். பெரிய சில்லு டிக்கிக்குள் பிதுங்கி நிற்கிற சில்லுமேட்டில் ஏறி நின்றது, நாற்காலி ஒரு பக்கம் சரிந்தது, கதவு சாத்த நாலு விரல் போதவில்லை. நாலு விரல்தான். பக்கத்தில் நின்றவர், "பின்சீற்றை மடிச்சுவிட்டால் சரி" என்று மடித்துக் காட்டினார். பின்சீற் பெரிதும் சின்னதுமாக இரண்டு துண்டாக மடிகிறது, பெரிய பக்கத்தைத்தான் மடிக்க வேண்டியிருந்தது. மிஞ்சிய சின்னப் பக்கத்தில் நாற்காலியின் சில்லு எட்டிப் பார்த்தது. அம்மாவை இறக்கும்போது தோளைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் இருக்கிற சீற்றைத்தான் மடிக்கச் சொல்கிறார்கள். மடித்தாலும் தரை சமமாக வரவில்லை, சீற் முதுகு ஒரு படி போல உயர்ந்து நின்றது. பாரமான சாமானைத் தூக்கித் தூக்கித்தான் தள்ள வேண்டும்.

இந்தக் குட்டி டிக்கிகள் ஏன் இங்கே வந்து குவிகின்றன என்பதும் தெரிந்ததே. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். ஐந்து வருசம் சனம் காத்திருந்தது. திறந்தபோது வரி எஞ்சின் பருமனைப் பார்த்து ஏறுகிறது, மின்சார வாகனம் என்றால் மோட்டரின் வலுவைப் பார்த்து. டிக்கியைப் பார்த்து யாரும் வரி போடுவதில்லை. ஆகவே 1000 சீசீக்குள் அடங்குகிறவை முன்னுக்கு வந்தன. றைஸின் ஒரு வகையின் எஞ்சின் 996 சீசீ. ஜப்பானிலும் அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது: 4.7 மீற்றர் நீளம், 1.7 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம், 2000 சீசீ, இவற்றுக்குள் நின்றால்தான் சிறிய வகைக் கார். அதனால் றைஸ் 1.695 மீற்றர் அகலத்தோடு நிற்கிறது. அங்கே ஒரு நாட்டின் சட்டம், இங்கே இன்னொரு நாட்டின் வரி, இரண்டுக்கும் நடுவில் என் அம்மாவின் நாற்காலி.

அப்படியானால் பெரிதாக வாங்கு என்கிறீர்களா? வாங்கலாம், காசு இருந்தால். 2019இல் வந்த ரொயோட்டா றாவ் 4க்கு 580 லீற்றர் டிக்கி, உண்மையிலேயே நல்ல டிக்கி. ஆனால் அகலம் 1.85 மீற்றரைத் தாண்டுகிறது. அதை எடுத்துக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் வந்து பாருங்கள். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் கதியால் வேலி, எதிரே லான்ட்மாஸ்டர் உழவு மெசின் வந்தால் யாராவது ஒருவர் படலை வரை பின்னுக்குப் போக வேண்டும். பழைய பிராடோ, பஜிரோவின் பின்கதவு மேலே தூக்குவது அல்ல, வீட்டுக் கதவு மாதிரிப் பக்கத்துக்குத் திறப்பது. பின்னால் ஒரு ஆள் நீளத்துக்கு இடம் விட்டு நிறுத்தினால்தான் அது முழுதாகத் திறக்கும். கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி வீதியில் யார் அந்த இடத்தை விடுகிறார்கள்? ஏழு சீற் ஜீப்புகளின் கதை வேறு. மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் டிக்கியே இல்லை, ஒரு சோப்பிங் பாக் வைக்கலாம். ஏழு பேர் என்றும் சொல்கிறார்கள், பெரிய டிக்கி என்றும் சொல்கிறார்கள், இரண்டும் ஒரே நேரத்தில் இல்லை என்பதை மட்டும் சொல்வதில்லை.

ஆத்திரத்தை இன்னும் கூட்டுவது இது. ஹொண்டா ஃபிட்டிலும் வெசலிலும் பெற்றோல் ராங் முன்சீற்றுகளுக்குக் கீழே இருக்கிறது. அதனால் பின்சீற்றின் இருக்கையை, தியேட்டர்க் கதிரை போல, மேலே உயர்த்தி முதுகோடு ஒட்டி வைக்கலாம். தரையில் இருந்து கூரை வரை இடம் கிடைக்கும். பூச்சாடியோ, மடித்த நாற்காலியோ நிமிர்ந்தபடியே பக்கக் கதவால் உள்ளே போகும், டிக்கி டிக்கியாகவே மிஞ்சும். பெரிய பக்கத்தை மட்டும் உயர்த்தினால் மற்றப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கலாம். யாழ்ப்பாணம் முழுக்க ஃபிட் ஓடுகிறது, வெசல் ஓடுகிறது. அந்தச் சீற்றை உயர்த்திக் காட்டிய விற்பனையாளர் ஒருவரை நான் இன்னும் காணவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி தன்னுடைய பழைய ஃபிட்டில் காட்டித்தான் எனக்கே தெரிந்தது. ஜீப் விற்கிறவர்களுக்குத் தங்கள் முற்றத்தில் நிற்கிற வாகனம் என்ன செய்யும் என்று தெரியாதா? தெரியும் என்றால் ஏன் காட்டுவதில்லை?

உறவுகளிடம் சொன்னால், "ஃபிட் எண்டால் கார்தானே, ஒரு ஜீப்பா எடுத்தால்தானே மதிப்பு" என்கிறார்கள். "விக்கேக்க நல்ல விலை போகும்" என்கிறார்கள். விற்கிற அன்றைக்குக் கிடைக்கிற விலையை நினைத்து, விற்கும்வரை ஒவ்வொரு மாதமும் அம்மாவோடு வீதியில் நின்று நான் திண்டாட வேண்டுமா? வாகனம் வாங்குவதென்றால் ஊர் முழுக்க வந்து கருத்துச் சொல்கிறது, எதை ஏற்றப் போகிறாய் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அப்புறம் அந்தக் கயிறு. "டிக்கி சாத்தாட்டில் என்ன, கயித்தால இழுத்துக் கட்டிப்போட்டு ஓடலாம்." இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் அப்படித்தான் ஓடுகிறார்கள். ஆனால் தயவுசெய்து கேளுங்கள். பின்கதவு திறந்தபடி ஓடும்போது வாகனத்தின் பின்னால் காற்று உள்நோக்கிச் சுழல்கிறது, புகைக்குழாயில் இருந்து வருகிற புகை அதோடு உள்ளே வரும். அதில் இருக்கிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வயோதிபர் ஒருவரை உள்ளே வைத்துக்கொண்டு ஏ9 வீதியில் அப்படி ஓட நான் சம்மதிக்க மாட்டேன். "கரியர் அடிக்கலாம்" என்பதும் அப்படித்தான். கூரைக்கு ஒரு பாரக் கணக்கு இருக்கிறது, அது வாகனத்தின் கையேட்டில் எழுதியிருக்கும், கரியரின் நிறையும் அதற்குள்தான் சேரும். அதோடு, ஒவ்வொரு கிளினிக் நாளும் நாற்காலியைக் கூரைக்குத் தூக்கி ஏற்றுவது யார்?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. விளம்பரத்தில் கிலோமீற்றரும் நிறமும் எழுதுகிற இடத்தில், பின்கதவு வாசலின் அகலமும் உயரமும், சீற் மடிக்காமல் தரையின் நீளமும், சில்லுமேடுகளுக்கு நடுவே எவ்வளவு இருக்கிறது என்பதும் எழுதுங்கள். உங்களிடம் நிற்கிற வாகனத்தை அளக்க ஐந்து நிமிசம் போதும். நாற்காலியோடும் சூட்கேசோடும் வருகிறவரை ஏற்றிப் பார்க்க விடுங்கள், பின்னால் நின்று மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள். இந்த மாத முடிவுக்குள் நான் ஒரு வாகனம் எடுத்தாக வேண்டும், லீசிங் பேசி வைத்திருக்கிறது. இனிப் போகிற ஒவ்வொரு இடத்துக்கும் நாற்காலியைக் கொண்டுதான் போவேன். அது உள்ளே ஏறி, கதவு சாத்தி, பின்சீற்றில் ஒரு ஆளும் இருந்த பிறகுதான் விலை பேசுவேன்.