"தெரியல" என்று சொன்னதற்கு வந்த போன்

நண்பனின் மகள் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஒன்பது வயது. சாதாரணக் காய்ச்சலாக ஆரம்பித்தது, ஆறாம் நாள் முடிந்துவிட்டது. நாங்கள் நாலைந்து பேர் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் ஒரே மதத்துக்காரர்கள், சேர்ந்து பிரார்த்தனைக்குப் போகிறவர்கள். எந்த மதம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் இதோடு நிறுத்திவிடுவீர்கள், மீதிப் பேர் படிக்காமலேயே லைக் போடுவீர்கள்.

ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். "நல்லவங்களைக் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்." "உன்னால தாங்க முடியும்னு தெரிஞ்சுதான் இந்தச் சோதனை." "பின்னாடி பெரிய கஷ்டம் ஏதாவது வர இருந்திருக்கும், அதுக்கு முன்னாடியே காப்பாத்திட்டார்." இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் நண்பன் தலையை நிமிர்த்தினான். சொன்னவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "நீ சொல்லுடா. ஏன்?"

நான் கொஞ்சம் மத நூல்கள் படிப்பவன், பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுத்திருக்கிறேன். அதனால் என்னைக் கேட்டான். பதில் இல்லாமல் இல்லை. கர்மா, சோதனை, விதி, மறுமை என்று எந்த மதத்தை எடுத்தாலும் இந்த "ஏன்"-க்கு மூன்று நான்கு பதில் தயாராக இருக்கும். எனக்கும் மனப்பாடம். ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது "தெரியலடா" மட்டும்தான்.

அன்று இரவே பெரியவர் ஒருவரிடமிருந்து போன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "தம்பி, துக்கத்துல இருக்கறவன்கிட்டப் போய் தெரியலன்னு சொல்லலாமா? அவன் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதே அந்த ஒரு கிளையைத்தான். அதை நீங்களே ஆட்டிவிட்டா எப்படி?"

இந்தக் கேள்வியை என்னால் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. மூழ்குகிறவனுக்கு நீச்சல் பாடம் எடுக்கக் கூடாதுதான். சாகக் கிடக்கும் ஒருவர் "நான் போற இடத்துல அவளைப் பார்ப்பேன்ல?" என்று கேட்டால், "அதற்குச் சான்று போதாது" என்று சொல்பவனை நேர்மையாளன் என்று நான் சொல்ல மாட்டேன். மூர்க்கன் என்றுதான் சொல்வேன். ஆக, எங்கே வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சந்தேகத்தை அவிழ்த்துக் கொட்டு என்பதல்ல என் கட்சி. ஆனால் என் நண்பன் ஆறுதல் கேட்கவில்லை. காரணம் கேட்டான். காரணம் எனக்குத் தெரியாது. அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசினோம், அவ்வளவுதான்.

பைபிளில் யோபுவின் கதை இருக்கிறது. பிள்ளைகள், சொத்து, உடல்நலம் எல்லாவற்றையும் இழந்த மனிதன். துக்கம் விசாரிக்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகல் ஏழு இரவு அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருக்கிறார்கள். அதுவரைக்கும் அவர்களைவிட நல்ல நண்பர்கள் உலகத்தில் இல்லை. அப்புறம் வாயைத் திறக்கிறார்கள். கடவுள் நீதியுள்ளவர், நீ ஏதாவது செய்திருப்பாய், இல்லாவிட்டால் இது நடக்காது என்று அத்தியாயம் அத்தியாயமாக விளக்குகிறார்கள். அவர்கள் சொல்வதெல்லாம் அச்சு அசலான பக்திமொழி. யோபுவோ புலம்புகிறான், வாதாடுகிறான், பிறந்த நாளைச் சபிக்கிறான், கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். கடைசியில் கடவுள் பேசும்போது யார் மேல் கோபப்படுகிறார்? அந்த மூன்று நண்பர்கள் மேல். என் ஊழியன் யோபு பேசியதைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். இதில் இன்னொரு வேடிக்கை: "ஏன்" என்று யோபு கேட்டதற்கு அவரும் பதில் சொல்லவே இல்லை. பூமிக்கு அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று திருப்பிக் கேட்கிறார்.

அந்த வீட்டில் நாங்கள்தான் அந்த மூன்று நண்பர்கள். ஏழு நாள் பேசாமல் இருக்கும் பொறுமைகூட எங்களுக்கு இருக்கவில்லை.

தமிழில் "நம்புகிறேன்" என்ற சொல்லைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இரண்டும் இரண்டும் நான்கு என்று நம்புகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. அது தெரியும். நம்புகிற பேச்சு வருவதெல்லாம் ஆட்களிடத்தில்தான். "உன்னை நம்பித்தான் வந்தேன்", "அவனை நம்பிப் பணம் கொடுத்தேன்", "நம்பி மோசம் போயிட்டேன்". நம்பினால் ஏமாறவும் இடம் உண்டு என்பதைத் தெரிந்துதான் நாம் அந்தச் சொல்லையே எடுக்கிறோம். கைமாற்று கொடுப்பவன் நூறு சதவீதம் உறுதியாக இருந்தால் அவன் நம்பவில்லை, கணக்குப் போட்டிருக்கிறான். அப்படியிருக்க, கடவுள் விஷயத்தில் மட்டும் நம்பிக்கை என்றால் துளி சந்தேகமும் கூடாது என்று எப்போது முடிவு செய்தோம்? நம்பிக்கைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற ஒன்றை வெளியிலிருந்து வந்த கிருமி மாதிரி ஏன் விரட்டுகிறோம்?

பழைய ஆட்கள் இப்படி இல்லை. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் படைப்பைப் பற்றிய ஒரு சூக்தம், 129-ஆவது. இது எங்கிருந்து வந்தது, யாருக்குத் தெரியும் என்று கேட்டுக்கொண்டே போய், உச்சி வானத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தெரியும், ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ என்று முடிகிறது. வேதமே சொல்கிற "தெரியாது" அது. இஸ்லாமியச் சட்ட அறிஞர் இமாம் மாலிக்கிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டதாகவும், அவற்றில் 32-க்கு அவர் "எனக்குத் தெரியாது" என்று சொன்னதாகவும் ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இன்று அப்படி ஒருவர் மேடையேறினால் அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். மைக் பிடித்தவர் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நாம்தான். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

நம் பக்தி மரபில் கடவுளைத் திட்ட இடம் உண்டு. கண்ணிழந்த சுந்தரர் திருவாரூர் ஈசனைப் பார்த்து "வாழ்ந்து போதீரே" என்று பாடினார். நல்லா இருந்துட்டுப் போங்க என்று நாம் வயிறெரிந்து சொல்வோமே, அதேதான். ஆனால் திட்டுவதும் சந்தேகப்படுவதும் ஒன்றல்ல. திட்ட வேண்டுமென்றால் எதிரே ஆள் இருக்க வேண்டும். சுந்தரருக்கு அதில் ஐயமே இருக்கவில்லை. "நீ அங்கே இருக்கிறாயா என்றே தெரியவில்லை" என்று சொல்வது வேறு வகைத் தனிமை. அந்தத் தனிமையில் இருப்பவருக்குப் பாட்டும் இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை.

அன்னை தெரசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-இல் இறந்தார். அவர் தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வந்தபோது உலகமே அதிர்ந்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அவர் கடவுளின் இருப்பை உணரவில்லை. உள்ளே இருட்டு, வெறுமை. 1979-இல் நோபல் பரிசு வாங்கினார். அதே ஆண்டில் எழுதிய ஒரு கடிதத்தில், பார்க்கிறேன் ஒன்றும் தெரியவில்லை, கேட்கிறேன் ஒன்றும் கேட்கவில்லை என்கிறார். சிலர் இதை வைத்து அவரைப் போலி என்றார்கள். வேறு சிலர் அதற்கும் ஒரு இறையியல் பெயர் சூட்டிப் பெருமைப்பட்டார்கள். என்னை உறுத்துவது வேறு. அந்தக் கடிதங்களை அழித்துவிடும்படி அவர் கேட்டிருந்தார். அத்தனை பேருக்கு நடுவில் இருந்தவர், விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரிடம் மட்டுமே இதைச் சொல்ல முடிந்தது. அவருக்கே அந்த நிலைமை என்றால் பிரார்த்தனைக் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைக்கிறவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

இதைப் படிக்கும் நாத்திக நண்பர்கள், "அப்போ ஒத்துக்கிட்டே" என்று கமெண்ட் போடத் தயாராக இருப்பீர்கள். அவசரம் வேண்டாம். "தெரியாது" என்பது "இல்லை"யில் பாதி கிடையாது. 1869-இல் ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி "அக்னாஸ்டிக்" (கடவுள் உண்டா இல்லையா தெரியாது என்பவர்) என்ற சொல்லை உருவாக்கியதே, இரண்டு பக்கமும் எல்லாரும் விடை கண்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது தான் மட்டும் கண்டுபிடிக்கவில்லை என்பதால்தான். இன்னொரு வகை ஆட்களும் உண்டு. "ஏதோ ஒரு சக்தி இருக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அதை நிச்சயமின்மை என்று நான் ஏற்க மாட்டேன். கேள்வியே அவர்களைத் தொடவில்லை. தெரியாது என்பது வலிக்க வேண்டும். கொஞ்சமாவது தூக்கம் கெட வேண்டும்.

மாற்கு எழுதிய நற்செய்தியில் நோயாளி மகனைக் கூட்டிவந்த ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதுகொண்டே கத்துகிறான். ஒரே மூச்சில் இரண்டும். முதலில் போய் முழுசா நம்பிவிட்டு வா என்று யாரும் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பையன் குணமாகிறான். என் நண்பனின் மகள் குணமாகவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு இப்போதும் ஒன்றும் விளங்குவதில்லை. ஆனாலும் தினமும் பிரார்த்தனை செய்கிறேன். பழக்கமா, பயமா, அன்பா? மூன்றும் கலந்துதான் இருக்கும்.

அவன் இப்போது எங்களோடு கூட்டத்துக்கு வருவதில்லை. என்னோடு மட்டும் சாயங்காலம் நடக்க வருகிறான். என் "தெரியல"தான் அவனைத் துரத்தியதா, அல்லது அது ஒன்றுதான் யாராவது ஒருவரோடு அவனை ஒட்ட வைத்திருக்கிறதா, அதையும் நான் அவனிடம் கேட்டதில்லை.

போன வாரம் பெரியவர் மறுபடியும் போன் செய்தார். பிள்ளைகள் வகுப்புக்கு ஆள் இல்லையாம், நான் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டார். "ஒண்ணே ஒண்ணு தம்பி. சின்னப் பசங்க ஏதாவது கேட்டா தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.