ஆடாமல் அசையாமல் வர வேண்டுமாம்

ஞாயிற்றுக்கிழமை பேரணியில் நடந்ததை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அந்தக் காணொளியை மறுபடி இங்கே போடப் போவதில்லை. "இது போராட்டம், ஆட்டம் போடும் இடமில்லை. திருநங்கைகள் கொஞ்சம் பின்வரிசைக்குப் போங்கள்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்த தம்பிக்குத்தான் இந்தப் பதில். நிறவெறி ஒழியட்டும் என்று கத்துவதற்காக எல்லோரும் காசு போட்டு வாங்கிய ஒலிபெருக்கி அது.

நிறவெறி எங்களிடம் வந்து கொள்கை பேசுவதில்லை. தோலைப் பார்க்கிறது, தோளைப் பார்க்கிறது, நடையைப் பார்க்கிறது. எங்களைச் சோதனை போடுவது ஆண் காவலரா பெண் காவலரா என்று அவர்கள் பேசி முடிக்கும்வரை கைகளைத் தூக்கியபடி நின்றிருக்கிறேன். மேல்சட்டை ஏறி வயிறு தெரியும். இழுத்துவிடக் கையை இறக்க முடியாது. எந்த உடம்புக்காக எங்களை நிறுத்துகிறார்களோ, அந்த உடம்போடுதான் வருவோம்.

ஆட்டம் என்றீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். பேச்சுக் குரலை மேலே நிறுத்த இரண்டு வருடம் பயிற்சி எடுத்தவள் நான். கத்தினால் அது நழுவி, பழைய குரல் வந்துவிடும். என் முதல் பேரணியில் அப்படித்தான் வந்தது. முன்னால் நின்ற பெண் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். பிறகு கை தட்டினேன், கால் தாளம் பிடித்தது, இடுப்பும் சேர்ந்துகொண்டது. என் கோஷம் அதுதான் தம்பி.

"பத்திரிகைகள் ஆட்டத்தை மட்டும்தானே படம் பிடிக்கும், கோரிக்கை காணாமல் போகுமே" என்கிறார்கள். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடக்கமாக நிற்பது எப்படி என்று எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 1917இல் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் நடத்திய மௌன ஊர்வலத்தின் வெள்ளை உடையை நினைவில் வைத்துத்தான், 2020 ஜூன் 14 அன்று புரூக்ளின் அருங்காட்சியகத்தின் முன் கறுப்பினத் திருநர் உயிர்களுக்காக ஆயிரக்கணக்கானோர் வெள்ளை உடுத்தித் திரண்டார்கள். எப்போது நிற்பது, எப்போது ஆடுவது என்று எங்களுக்குத் தெரியும்.

"எல்லாவற்றிலும் பாலினத்தை நுழைக்காதீர்கள்" என்பவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. 2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைக் காவலர் கொன்ற இரண்டு நாள் கழித்து, ஃபுளோரிடாவின் தலஹாசி நகரில் டோனி மெக்டேட் என்ற கறுப்பினத் திருநம்பியைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. ஞாயிற்றுக்கிழமை எத்தனை பதாகைகளில் அந்தப் பெயர் இருந்தது? ஒன்றில். அதுவும் நான் எழுதியது, பின்வரிசைக்குப் போய்விட்டது. 1973இல் நியூயார்க்கில் தன்பாலின ஈர்ப்பாளர் உரிமைப் பேரணி மேடையில், சிறையில் கிடந்த தன் தோழர்களுக்காகப் பேசிய திருநர் உரிமைப் போராளி சில்வியா ரிவேராவைக் கூச்சலிட்டு அவமதித்தது எதிரிகள் அல்ல, கூட வந்தவர்கள்தான். கூட வந்தவர்கள் செய்தால்தான் தாங்க முடிவதில்லை.

தம்பி பிடித்திருந்த பதாகையும் என் கையெழுத்துதான். சனிக்கிழமை இரவு இரண்டு மணிவரை எழுதினேன், நகக்கண்ணில் சிவப்புச் சாயம் இன்னும் போகவில்லை. "அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்று நேற்றுச் செய்தி அனுப்பியிருக்கிறார். அதற்குக் கீழேயே, அடுத்த பேரணிக்கு இருபது பதாகை எழுதித் தர முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

இன்னும் பதில் அனுப்பவில்லை.